நாள்பட்ட நரம்புவலியும் கஞ்சாவழி மருந்துகளும்: தயக்கம் நியாயமா?

இடவிலா:
எனக்கு அக்கி ஆறி மூன்றாண்டுகள் ஆகின்றன. இடப்பக்க விலாவில் வெளிறிய தழும்பைத் தவிர இப்போது எதுவும் தெரியாது. ஆனால் மின்விசிறிக் காற்றில் சட்டை அசைந்து அந்த இடத்தை உரசினால் கொதிநீர் பட்டதைப் போல் எரிகிறது. அமிட்ரிப்டிலின் எடுத்தபோது வாய் வறண்டு, சிறுநீர் கழிப்பதே சிரமமாயிற்று. பிரிகாபலினில் நாள் முழுவதும் கிறுகிறுப்பு. இரண்டையும் விட்டாயிற்று. வலி கடத்தப்படும் பாதையிலேயே, கஞ்சாவின் வேதிப்பொருள்கள் வந்து ஒட்டும் கன்னாபினாய்டு ஏற்பிகள் இருப்பது முப்பது ஆண்டுகளாகத் தெரிந்திருக்கும்போது, கஞ்சாவழி மருந்துகளை நரம்புவலிக்குப் பரிந்துரைக்க மருத்துவ உலகம் இன்னும் ஏன் தயங்குகிறது?

நிறைகோல்:
உங்கள் வேதனையை நான் சிறிதும் ஐயப்படவில்லை. தயக்கத்துக்குக் காரணம் பழமைப்பிடிப்பு அன்று, கிடைத்திருக்கும் எண்கள்தான். நாள்பட்ட நரம்புவலியை மட்டும் எடுத்துக்கொண்டு 2018-இல் வெளிவந்த, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு, 16 சோதனைகளில் பங்கேற்ற 1,750 பேரின் முடிவுகளைத் தொகுத்தது. வலி குறைந்தது பாதியாவது தணிந்தவர்கள் மருந்து பெற்றோரில் 21 விழுக்காடு, மருந்துப்போலி (மருந்தைப் போலவே தோன்றும் வெற்றுப்பொருள்) பெற்றோரில் 17 விழுக்காடு. நரம்புமண்டலம் சார்ந்த பக்கவிளைவுகளோ 61 விழுக்காட்டினருக்கு வந்தன. மருந்துப்போலி பெற்றோரில் அது 29. அதாவது நூறு பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக நான்கைந்து பேருக்கு நல்ல பலன், முப்பது பேருக்குக் கூடுதலாகத் தொல்லை. சோதனைகளும் 2 முதல் 26 வாரங்கள் வரையே நடந்தவை. மூன்றாண்டுகளாக வலியோடு இருப்பவருக்கு அவற்றை வைத்து எதை உறுதியாகச் சொல்ல முடியும்?

அகநாடி:
சராசரியை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அந்தச் சட்டை ஏன் எரிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். நரம்பு காயப்பட்டால் தண்டுவடத்தில் வலிச் செய்தி வந்துசேரும் பின்கொம்புப் பகுதியில் உள்ள, நரம்புமண்டலத்தின் காவலர்களான நுண்பசைச் செல்கள் விழித்தெழுந்து வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அதனால் அங்குள்ள நரம்புச்செல்களுக்குள் குளோரைடு அளவு ஏறுகிறது. வலிச் செய்தியைத் தடுத்து நிறுத்த வேண்டிய காபா என்னும் வேதித்தூதின் பிடி தளர்ந்துவிடுகிறது. தடுப்பு தளர்ந்தபின், வெறும் தொடுகையைக் கொண்டுவரும் நரம்புகூட வலியின் பாதைக்குள் புகுந்துவிடுகிறது. தோல் ஆறிய பிறகும் தண்டுவடம் ஆறாமல் இருப்பது இப்படித்தான்.

இந்த இடத்தில்தான் கன்னாபினாய்டு அமைப்பு முக்கியமாகிறது. கன்னாபினாய்டு ஏற்பிகளுள் ஒன்றான சிபி1 ஏற்பியின் மரபணு 1990-இல் கண்டறியப்பட்டது. அதில் ஒட்டும் உடலின் சொந்தப் பொருள் ஒன்றை 1992-இல் ஜெருசலேமில் மெக்கூலமின் ஆய்வுக்குழு பிரித்தெடுத்து, நம் எல்லோருக்கும் பழகிய ஆனந்தம் என்ற சொல்லிலிருந்தே அதற்கு ஆனந்தமைடு என்று பெயரிட்டது. பொதுவாக நரம்புச்செய்தி ஒரு திசையில் போகும். இவ்வமைப்பிலோ செய்தியைப் பெறும் செல், அனுப்பும் செல்லுக்கே 'போதும், குறைத்துக்கொள்' என்று பின்னோக்கித் தெரிவிக்கிறது. மிகை உணர்வால் கொதிக்கும் தண்டுவடத்துக்கு இதைவிடப் பொருத்தமான தணிப்பு வழி எனக்குத் தெரியவில்லை. மேலும், வலியுணர் நரம்புகளில் மட்டும் சிபி1 ஏற்பியை நீக்கிய எலிகளை வைத்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், மூளையில் அந்த ஏற்பி அப்படியே இருந்தும் கன்னாபினாய்டுகளின் வலிநீக்கத்தில் பெரும்பகுதி போய்விட்டது. போதையை விலக்கி வலிநீக்கத்தை மட்டும் எடுக்க வாய்ப்பு உண்டு என்பதற்கு இது நல்ல அடையாளம்.

நிறைகோல்:
பொறிமுறை அழகானது என்பதை ஏற்கிறேன். அந்த அழகே நம்மை ஏமாற்றவும் கூடும். ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதியை முடக்கினால் உடலின் சொந்தத் தணிப்பு பெருகும் என்பதும் இதே போன்ற நம்பிக்கைதான். ஃபைசர் நிறுவனம் அப்படியொரு மருந்தை முழங்கால் மூட்டுவலியில் சோதித்து 2012-இல் முடிவை வெளியிட்டது. நொதி ஏறக்குறைய முழுவதுமாக முடங்கியது, ஆனந்தமைடும் ஏறியது, வலி மட்டும் குறையவில்லை. அதே சோதனையில் நாப்ராக்சன் என்னும் சாதாரண வலிமருந்து வலியைக் குறைத்தது என்பதால் சோதனை முறையின் மீது பழி போட முடியாது. 2016-இல் பிரான்சின் ரென் நகரில் வேறொரு நொதித்தடுப்பானைச் சோதித்தபோது தன்னார்வலர் ஒருவர் உயிரிழந்தார். அந்த மூலக்கூறு வேறு இலக்குகளையும் தாக்கியதாகப் பின்னர் தெரியவந்தது உண்மையே. ஆயினும் அந்த இழப்பை மறந்துவிட்டு நாம் பேசக் கூடாது.

எலியின் பாதத்தில் மெல்லிய இழையால் குத்தி, அது காலை எப்போது இழுத்துக்கொள்கிறது என்று அளப்பதற்கும், இரவு இரண்டு மணிக்குத் தொடாமலே எரியும் விலாவுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது.

இன்னொன்று. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி உள்ள மருந்தை விழுங்கியவர் தமக்குக் கிடைத்தது எது என்பதைத் தலைக்கிறுகிறுப்பிலேயே ஊகித்துவிடுகிறார். பிறகு எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. கன்னாபினாய்டு வலிச் சோதனைகள் 20-ஐத் தொகுத்து 2022-இல் வெளிவந்த பகுப்பாய்வு, மருந்துப்போலி பெற்றவர்களிடமே வலி கணிசமாகக் குறைந்ததைக் காட்டியது.

மருந்தகத்தார்:
இடையில் ஒரு செய்தி. சோதனைகளில் கொடுக்கப்பட்டது அளவு உறுதிசெய்யப்பட்ட மருந்து. மக்கள் இணையத்தில் வாங்குவது வேறு. அமெரிக்காவில் இணையவழி விற்ற 84 சிபிடி (கஞ்சாவில் உள்ள, போதை தராத கன்னாபினாய்டு) பொருள்களைச் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சீட்டில் எழுதியிருந்த அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போனது 31 விழுக்காட்டில் மட்டுமே. 18 பொருள்களில் டிஎச்சி இருந்தது. 'எண்ணெய்தானே, ஒன்றும் செய்யாது' என்று எண்ணி யாரும் வாங்கி முதியவர்களுக்குக் கொடுக்காதீர்கள். தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், நரம்புவலியோடு அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருக்கும்.

அகநாடி:
மருந்தகத்தார் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. நிறைகோலிடம் ஒன்று கேட்கிறேன்: வலியை 0 முதல் 10 வரையிலான ஒரே கோட்டில் அளப்பது போதுமா? ஆக்ஸ்ஃபோர்டில் 12 ஆண்களின் காலில் மிளகாய்க் காரமான கேப்சைசினைப் பூசி, டிஎச்சி கொடுத்து மூளைப் படம் எடுத்தார்கள். 2013-இல் வெளிவந்த அந்த ஆய்வில் எரிச்சலின் கடுமை மாறவில்லை, அது தந்த தொல்லையுணர்வு குறைந்தது. மிகச் சிறிய ஆய்வு, அதுவும் நலமானவர்களிடம் செய்தது. இருந்தாலும், 'எவ்வளவு வலிக்கிறது' என்பதும் 'அது எவ்வளவு வாட்டுகிறது' என்பதும் வேறுவேறு என்பதை அது காட்டுகிறது.

இடவிலா:
இந்த வேறுபாட்டை வலியோடு இருப்பவர் உடனே புரிந்துகொள்வார். எரிச்சல் ஆறிலிருந்து ஐந்தாவதைவிட, ஆறிலேயே நின்றுகொண்டு என்னைத் தூங்கவிட்டால் எனக்குப் போதும்.

நிறைகோல்:
இதை நான் ஏற்கிறேன்; உறக்கமும் அன்றாடச் செயல்பாடும் முதன்மை அளவீடுகளாக வேண்டும். நேர்மையாகச் சொன்னால், வல்லுநர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. 2021-இல் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம், சான்று போதாமையால் வலிக்குக் கன்னாபினாய்டுகளின் பொதுப் பயன்பாட்டை ஆதரிக்க இயலாது என்றது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த வழிகாட்டுதல், வழக்கமான சிகிச்சை போதாதபோது புகைக்காத வடிவங்களை முயன்று பார்க்கலாம் என்று வலுக்குறைந்த பரிந்துரை தந்தது. ஆயினும் வரிசை முக்கியம். இடவிலா முயன்றவை இரண்டு மருந்துகளே. துலோக்சிடின் என்னும் மருந்து இருக்கிறது, உங்கள் வலி ஓரிடத்தில் நிற்பதால் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிடோகேய்ன் ஒட்டுப்பட்டையும் இருக்கிறது. இவற்றைத் தாண்டிக் குதிப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

அகநாடி:
வரிசையை ஏற்கிறேன். வரிசை முடிந்த பிறகும் கதவு மூடியே இருப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். நூறில் கூடுதலாகப் பலன் பெறும் அந்த நான்கைந்து பேரில் ஒருவரா இவர் என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது. மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் மருந்து, சில வாரம் மருந்துப்போலி என்று மாற்றி மாற்றி இவர் ஒருவரிடமே சோதித்தால்தான் தெரியும்.

இடவிலா:
லிடோகேய்ன் பட்டையைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதை ஒட்டும்போதே வலிக்காதா?

மருந்தகத்தார்:
சிலருக்கு ஒட்டும் நேரத்தில் எரியும். புண்ணில்லாத தோலில் மட்டும், ஒரு நாளில் 12 மணிநேரம் வைத்திருந்து அடுத்த 12 மணிநேரம் எடுத்துவிட வேண்டும். மருந்து ஊறுவது ஒருபுறம். சட்டைக்கும் தோலுக்கும் நடுவே பட்டை இருப்பதால் உரசலும் நிற்கிறது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, முதலில் இரவு நேரத்தில் ஒட்டிப் பாருங்கள்.