ஈரச் சாணைக்கல்: நுனியில் சரிவு அகலமாகுது, இரண்டு பக்கமும் ஒத்து வரலை, கூர் இரண்டு நாள்கூட நிக்கலை. எங்கே தப்பு?

கூர்தேடி:
வணக்கம். தண்ணித் தொட்டியோட மெதுவாச் சுத்துற சாணை மெஷின் இருக்கு. கல் வாங்கும்போது 250 மி.மீ. விட்டம், 50 மி.மீ. அகலம், அலுமினியம் ஆக்ஸைடு, 220 கிரிட் (கல்லோட சொரசொரப்பு எண்). நிமிஷத்துக்கு 90 சுற்று. கத்தியைப் பிடிக்கிற ஜிக் 12 மி.மீ. ராடு மேல உக்காரும். ஜிக்கோட ஒரு தாடை அசையாது, இன்னொண்ணு திருகினா இறுகும்.

முக்கியமாத் தீட்டுறது 210 மி.மீ. நீள ஸ்டெயின்லெஸ் செஃப் கத்தி. முதுகில் 2 மி.மீ. தடிமன், பக்கத்துக்கு 15 டிகிரி. ஆரம்பத்தில் ஒரு தடவை கோணத்தைச் சரியா வச்சு, ராடோட கால்ல டேப் ஒட்டி அடையாளம் வச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் அந்த அடையாளத்துக்கே ராடைக் கொண்டு வர்றேன்.

இப்போ நாலு பிரச்சினை. மார்க்கர் பூசித் தேய்ச்சா மை வாயோட (வெட்டுற விளிம்பு) ஓரத்தில் மட்டும்தான் அழியுது, சரிவின் (வாய்க்காகச் சாய்வாத் தீட்டின பட்டை) மேல்பாதி அப்படியே நிக்குது. நுனிப் பக்கம் சரிவு ஒன்றரை மடங்கு அகலம். வலது பக்கச் சரிவு இடதை விட அகலம். தீட்டின அன்னைக்குத் தக்காளி நல்லா அறுக்குது, மூணாம் நாள் வழுக்குது. கல் மாத்தணுமா, ஜிக் மாத்தணுமா?

பட்டறைக்கார்:
எதையும் மாத்த வேண்டாம் தம்பி. முதல்ல மூணு அளவு எடுத்துப் போடுங்க.

1. கல்லோட இன்றைய விட்டம். வாங்கினப்போ இருந்தது வேண்டாம்.
2. ஜிக்கில் கத்தியை மாட்டி, நேரான பகுதியில் வாயிலிருந்து ராடு மையம் வர்ற இடம் வரைக்கும் எவ்வளவு.
3. அதே தூரம் நுனியில் எவ்வளவு. நேர்க்கோட்டில் நுனியைத் தொட்டு அளக்காதீங்க. நுனிப் பக்க வளைவுக்குச் செங்குத்தா மட்டம் வச்சு அளங்க.

கூடவே ஒண்ணு. கல்லைக் கையால மெதுவாச் சுத்தி, ராடுக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு அட்டைத் துண்டை வச்சுப் பாருங்க. ஒரு இடத்தில் உரசி இன்னொரு இடத்தில் விட்டுப் போனா கல் அவுட்ல ஓடுது, வட்டம் சரியில்லை. அதைச் சரி பண்ணாம மத்த அளவைப் பேசிப் பிரயோஜனம் இல்லை.

கூர்தேடி:
அளந்தாச்சு சார். கல் விட்டம் 240 மி.மீ. நேரான பகுதியில் 139, நுனியில் 147. கல் லேசா அவுட் இருக்கு, நடுவில் பள்ளமும் தெரியுது.

மட்டக்கோல்:
உங்கள் நான்கு பிரச்சினைகளில் இரண்டுக்கு விடை இந்த மூன்று எண்களிலேயே இருக்கிறது.

கல் தேய்ந்து ஆரம் 5 மி.மீ. குறைந்துவிட்டது. டேப் அடையாளமோ மெஷினின் உடம்பிலிருந்து எடுத்தது, அதற்குக் கல் தேய்ந்த சேதி தெரியாது. அதே உயரத்தில் ராடு நிற்க, கல் கீழே இறங்கியதால், 15 டிகிரி என்று நீங்கள் நினைத்தது இப்போது ஏறக்குறைய 17.5. பழைய சரிவு 15-இல் இருக்கிறது, கல் 17.5-இல் தொடுகிறது. மை ஓரத்தில் மட்டும் அழிவது இதனால்தான்.

இந்த அமைப்பில் எந்த அளவு எவ்வளவு கோணத்தை நகர்த்தும் என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது (250 மி.மீ. கல், 139 மி.மீ. நீட்டம், அதாவது வாயிலிருந்து ராடு மையம் வரையுள்ள தூரம், 15 டிகிரி என்று வைத்து):

– ராடு 1 மி.மீ. உயர்ந்தால் கோணம் சுமார் 0.7 டிகிரி கூடும்.
– கத்தியின் நீட்டம் 1 மி.மீ. கூடினால் சுமார் 0.6 டிகிரி குறையும்.
– கல் விட்டம் 10 மி.மீ. குறைந்து, ராடு அசையாமல் இருந்தால் சுமார் 2.5 டிகிரி கூடும்.
– அதே தேய்மானத்தில், கல்லின் மேற்பரப்புக்கும் ராடுக்கும் உள்ள இடைவெளியை மாறாமல் வைத்தால் மாற்றம் 1 டிகிரிக்கும் குறைவு.

கடைசி வரிதான் உங்களுக்குப் பயன்படும். டேப்பைக் கிழித்துவிட்டு, இனி கல் மேற்பரப்பிலிருந்து ராடின் மேல் விளிம்பு வரை வெர்னியர் அளவுகோலால் அளந்து வையுங்கள். புதுக் கல்லுக்கு 83.9 மி.மீ., உங்கள் 240 மி.மீ. கல்லுக்கு 85.3 மி.மீ. நீட்டம் இரண்டிலும் 139.

நுனிக்கும் இதே கணக்கு. அங்கே நீட்டம் 8 மி.மீ. அதிகம். நேரான பகுதியில் 15 டிகிரி இருக்கும்போது நுனியில் 10.6 டிகிரிதான் கிடைக்கும். கோணம் படுத்தால் சரிவு அகலும். 15-க்கும் 10.6-க்கும் உள்ள விகிதப்படி சரிவு 1.4 மடங்கு. நீங்கள் கண்ணால் பார்த்துச் சொன்ன ஒன்றரை மடங்கு கிட்டத்தட்ட அதேதான்.

பட்டறைக்கார்:
நுனிக்குத் தீர்வு: ஜிக் கைப்பிடிப் பக்கம் தள்ளி மாட்டியிருக்கு. 10 மி.மீ. நுனிப் பக்கம் நகர்த்தி மறுபடி அளங்க. நேர்ப் பகுதியிலும் நுனி வளைவிலும் ஒரே அளவு வர்ற வரைக்கும் நகர்த்துங்க. அதிகமா நகர்த்திட்டா நுனியில் கோணம் எழும்பி, சரிவு மெல்லிசா ஆயிடும். சரியான இடம் கிடைச்சதும், குதியிலிருந்து (கைப்பிடிப் பக்கத்து வாய் முனை) ஜிக் ஓரம் வரைக்கும் எவ்வளவுன்னு எழுதி வைங்க. அந்தக் கத்திக்கு அது எப்பவும் மாறாது.

தேய்க்கும்போது இன்னொரு விஷயம். நேர்ப் பகுதியில் கத்தியை ராடோட பக்கவாட்டில் நகர்த்தணும். வளைவு வந்ததும் நகர்த்துறதை நிறுத்தி, கைப்பிடியை மட்டும் தூக்கித் திருப்பி, வளைவு எப்பவும் கல்லுக்குக் குறுக்கா நிக்கிற மாதிரி கொண்டு போகணும். நுனி கல் ஓரத்தைத் தாண்டி விழக் கூடாது, விழுந்தா நுனி உருண்டுடும்.

கல் டிரஸ்ஸிங் (கல் மேற்பரப்பைச் சீவி மட்டமாக்குறது): வைர முனை டிரஸ்ஸரை ராடில் மாட்டி, ஒரு தடவைக்கு 0.2 மி.மீ.க்கு மேல இறக்காதீங்க. தண்ணி ஓடணும். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒன்றரை நிமிஷம் போல மெதுவா. பள்ளம் மறையிற வரைக்கும் திரும்பத் திரும்ப. முடிஞ்சதும் விட்டத்தை மறுபடி அளந்து எழுதணும். நடுவுல மட்டும் தேய்ச்சதால வந்த பள்ளம் அது, இனி முழு 50 மி.மீ. அகலத்தையும் பயன்படுத்துங்க.

இடது வலது வித்தியாசத்துக்கு ஜிக்தான் காரணம்னு நினைக்கிறேன். ஒரு தாடை அசையாத ஜிக், நடுவா வச்சிருக்கிற தடிமனை விட மெல்லிசான கத்தியை மாட்டினா மையம் ஒரு பக்கம் விலகும்.

மட்டக்கோல்:
அது உண்மை, ஆனால் அளவு சிறியது. ஜிக் 3 மி.மீ. தடிமனுக்கு நடுவாக இருந்து, கத்தி 2 மி.மீ. என்றால் மையம் 0.5 மி.மீ. விலகும். 139 மி.மீ. தூரத்தில் அது 0.2 டிகிரி. கண்ணுக்குத் தெரியாது.

பெரிய காரணம் கத்தியின் ஆப்பு வடிவம். முதுகில் 2 மி.மீ., வாயருகே 0.4 மி.மீ., அகலம் 45 மி.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் 1 டிகிரி சரிந்திருக்கிறது. ஒரு முகத்தை அசையாத தாடையில் ஒட்டி இறுக்கினால் கத்தி முழுவதும் 1 டிகிரி சாய்ந்தே நிற்கும். ஒரு பக்கம் 14, மறுபக்கம் 16. முதுகை ஒட்டித் தாடையில் சற்றே ஆழமாகக் கொடுத்து, அசையாத தாடையில் வாய்ப் பக்கமாக மாஸ்கிங் டேப் இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிப் பாருங்கள். இரு பக்கமும் மார்க்கரில் ஒரே மாதிரி அழியும்வரை அடுக்கைக் கூட்டிக் குறைக்கலாம். இரண்டு தாடையும் சேர்ந்து நகரும் ஜிக்கில் இந்த வேலை இருக்காது.

சமையற்கட்டு:
ஒரு கேள்வி: எந்தப் பக்கத்தை முதலில் தேய்க்கிறீங்க? பிசிறு (தேய்ச்சதில் வாயோட மறுபக்கம் மடிஞ்சு நிக்கிற உலோக இழை) வர்ற வரைக்கும் அதே பக்கமா?

கூர்தேடி:
ஆமாம் அக்கா. வலது பக்கம் முதல்ல. பிசிறு முழுசா வந்த பிறகுதான் இடது.

சமையற்கட்டு:
அப்போ வலது அகலமா இருக்கிறதுக்குப் பாதிக் காரணம் அதுதான். மழுங்கின வாயோட உலோகம் முழுக்க வலது பக்கத்திலேயே போயிடுது. இடது பக்கத்துக்கு நாலு தடவை போதும்னு ஆயிடுது. எண்ணித் தேய்க்கணும்: வலது 4, இடது 4, மறுபடி வலது 4. வாயின் நடுக்கோடு நடுவிலேயே இறங்கும்.

கூர் நிக்காததுக்குக் காரணம் பிசிறு. தீட்டின அன்னைக்குத் தக்காளியை அறுத்தது அந்தப் பிசிறு. அது ரெண்டு நாள்ல மடிஞ்சு, வாய் மேல சுருண்டு உக்காந்துடும். பிசிறு போச்சான்னு விரலால் தெரியாது. கண்ணாடி துடைக்கிற மெல்லிய பஞ்சை வாயோரமா முதுகிலிருந்து வெளியே இழுங்க, மாட்டுற இடத்தில் பிசிறு இருக்கு. விளக்கு நேரே மேல இருக்க, வாயை வெளிச்சத்தில் பிடிச்சாலும் தெரியும்: நல்ல வாய் வெளிச்சத்தைத் திருப்பாது, பிசிறு வெள்ளைக் கோடா மின்னும்.

நீக்கும் வரிசை:
பிசிறு குதியிலிருந்து நுனிவரை இரண்டு பக்கமும் வந்ததும் 220-இல் தேய்க்கிறதை நிறுத்தணும். கல் கிரேடரோட (கல்லோட சொரசொரப்பை மாத்துற கட்டி) மெல்லிய பக்கத்தைக் கல்லில் ஒரு நிமிஷத்துக்கு மேல அழுத்தினா கல் 1000 கிரிட் போல நடந்துக்கும். அதில் அழுத்தம் ரொம்பக் குறைச்சு, பக்கத்துக்கு 2, பிறகு 1, பிறகு 1. பிசிறு சின்னதாகும்.
அடுத்தது லெதர் வீல் (மெருகேத்துற தோல் சக்கரம்). முதல் தடவைன்னா லெதரில் மெஷின் ஆயில் லேசாத் தடவி ஊற விட்டு, மேல மெருகு பேஸ்ட். வீல் வாயிலிருந்து விலகிச் சுத்தணும். எதிர்த்துச் சுத்தினா லெதரைக் கிழிச்சுடும், கையையும்.

எல்லாரும் தப்பு பண்றது லெதரில்தான்: கத்தியைத் தூக்கிப் பிடிச்சு அழுத்துறாங்க. லெதர் இளகி வாயைச் சுத்தி வளைஞ்சு போகும். நீங்க 15 நினைச்சாலும் வாய்க்கு அதைவிடப் பெரிய கோணம்தான் கிடைக்கும், கல்லில் எடுத்த வாய் உருண்டை ஆகிடும். சரிவு முழுக்க லெதரில் படுத்த மாதிரி, கைகனம் இல்லாம, பக்கம் மாத்தி மாத்தி. பக்கத்துக்கு 4, 3, 2, 1 போதும்.

பட்டறைக்கார்:
கல்லில் தேய்க்கும்போது தண்ணியைப் பாருங்க. கல் வாயை எதிர்த்துச் சுத்தும்போது, வாய் முழுசாப் பட்டிருந்தா தண்ணி கத்தி மேல ஏறி வழியும். ஒரு இடத்தில் தண்ணி கத்திக்கு அடியில் நழுவிப் போனா அங்கே வாய் கல்லைத் தொடலைன்னு அர்த்தம். மார்க்கர் இல்லாமலே தப்பைக் காட்டிக் கொடுக்கும்.

வேலை முடிஞ்சதும் தொட்டியை இறக்கி வைங்க. பாதிக் கல் தண்ணியில் ஊறிக் கிடந்தா அடுத்த நாள் ஒரு பக்கம் கனமாச் சுத்தும். தொட்டிக்குள்ள ஒரு காந்தம் போட்டா இரும்புத் தூள் அதில் ஒட்டும்.

புதுவரவு:
இவ்வளவு அளவு தேவையா? சாதாரண பெஞ்ச் கிரைண்டரில் இரண்டு நிமிஷத்தில் முடிஞ்சுடுமே?

பட்டறைக்கார்:
6 அங்குலக் கல், 2800 சுற்று: கல் ஓரம் வினாடிக்கு 22 மீட்டர் ஓடுது. இந்த ஈரக்கல் வினாடிக்கு 1.2 மீட்டர்தான். கத்தியோட வாய் மெல்லிசு, சூடு போக வழி இல்லை. உலர் கல்லில் வாய் ஓரம் நீலமாச்சுன்னா குறைஞ்சது 300 டிகிரி செல்சியஸை ஒட்டியாவது போயிடுச்சு, அந்த இடத்தில் பதம் போச்சு. நீலம் தெரியாமலும் பதம் குறையும், ஏன்னா சமையல் கத்திகளைப் பதப்படுத்துற சூடே பல ஸ்டீலுக்கு 200-ஐ ஒட்டித்தான். போன பதம் திரும்பாது, அந்த ஓரத்தைத் தேய்ச்சே எடுக்கணும்.

கூர்தேடி:
சொன்னபடி செய்தேன். டிரஸ்ஸிங்குக்குப் பிறகு விட்டம் 238. ஜிக்கை 20 மி.மீ. நுனிப் பக்கம் நகர்த்தினதில் நேர்ப் பகுதி 139, நுனி 140. தாடையில் மூணு அடுக்கு டேப். மார்க்கர் இரண்டு பக்கமும் முழுச் சரிவிலும் அழியுது. நுனியின் பழைய அகலச் சரிவு மட்டும் இன்னும் தெரியுது. அதை ஒரே தடவையில் எடுக்கணுமா?

அடுத்து 4 மி.மீ. வெட்டுக்கத்தி. எலும்புக்கு. பக்கத்துக்கு 20 டிகிரி வைக்கலாமா? ஜிக்கை முழுக்க உள்ளே இழுத்தாலும் நீட்டம் 160-க்குக் குறைய மாட்டேங்குது.

மட்டக்கோல்:
நுனியை அப்படியே விடுங்கள். புதுச் சரிவு ஒவ்வொரு தீட்டலிலும் பழையதைத் தின்றுகொண்டு மேலே ஏறும். ஒரே நாளில் எடுக்கப் போனால் நுனி குட்டையாகும்.

வெட்டுக்கத்திக்கு 20 சரி. 240 மி.மீ. கல், 160 மி.மீ. நீட்டம் என்றால் கல் மேற்பரப்பிலிருந்து ராடின் மேல் விளிம்பு வரை 110.9 மி.மீ. உங்கள் 238-க்கு அதே 111 வைத்து மார்க்கரால் சரிபாருங்கள், வித்தியாசம் 0.2 டிகிரியைத் தாண்டாது.

சொந்தமாகக் கணக்குப் போட விரும்பினால்: கல்லின் ஆர வர்க்கம், நீட்டத்தின் வர்க்கம், 144, இந்த மூன்றையும் கூட்டுங்கள். பிறகு நீட்டத்தைக் கோணத்தின் சைனால் பெருக்கி, அதிலிருந்து 12 பெருக்கல் கோணத்தின் கொசைனைக் கழித்து, வருவதை விட்டத்தால் பெருக்கி அதோடு சேருங்கள். மொத்தத்தின் வர்க்கமூலம் கல் மையத்திலிருந்து ராடு மையம் வரையுள்ள தூரம். ஆரத்தைக் கழித்து, ராடின் பாதியான 6-ஐக் கூட்டினால் வெர்னியரில் வைக்க வேண்டிய எண் வரும். அந்த 12, ஜிக் தண்டின் பாதியும் ராடின் பாதியும் சேர்ந்தது. ஜிக் தண்டும் 12 மி.மீ. என்றால்தான் அது பொருந்தும், உங்கள் தண்டை ஒருமுறை அளந்துவிடுங்கள். அதை விட்டுவிட்டுக் கணக்கிடுபவர்களுக்கு விடை 4, 5 டிகிரி தள்ளிப் போகிறது.

கூர்தேடி:
தண்டு 12.0 மி.மீ. சரியா இருக்கு. 111 வச்சு மார்க்கர் பூசினேன், இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து மேல் வரைக்கும் சீரா அழிஞ்சுது. நன்றி சார், நன்றி அக்கா.