நீல் யங்கின் இரண்டாவது ஆல்பம்: பத்து நிமிடப் பாட்டு தேவைதானா?

தந்திக்காரன்: ராக் பாடகர் நீல் யங் 1969 மே மாதம் வெளியிட்ட ‘எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்’ ஆல்பத்தை ஏன் இப்படித் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறீர்கள்? மொத்தம் ஏழு பாட்டு, நாற்பது நிமிடம். அதில் ‘டவுன் பை த ரிவர்’, ‘கவ்கேர்ள் இன் த சாண்ட்’ இரண்டு மட்டுமே பாதியைத் தின்றுவிடுகின்றன. பாட்டு கொஞ்சம், மீதியெல்லாம் கிட்டார் இழுவை. முதல் ஆல்பத்தில் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த மனிதர், இங்கே கைக்கு வந்ததை வாசித்துவிட்டுப் போய்விட்டார்.

பழைய இசைத்தட்டு: பார்த்துப் பார்த்துச் செய்ததுதானே வினையே! முதல் ஆல்பத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி அடுக்கிப் பதிவு செய்தார்; கடைசியில் இசைத்தட்டுக்காகச் செய்த ஒலிமாற்றத்தில் குரலே அமுங்கிப்போனது. பிறகு சில பாட்டுகளை மறுபடி மிக்ஸ் செய்து வெளியிட வேண்டியதாயிற்று. பின்னணிக் குழுவாக கிரேஸி ஹார்ஸ் வந்த பிறகுதான் நாலு பேர் ஒரே அறையில் வாசிப்பது நம் காதில் விழுகிறது. ‘டவுன் பை த ரிவர்’ பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். சோலோ, அதாவது கிட்டார் தனித்து முன்னால் வரும்போது, அடியில் ‘ஈ மைனர்’, ‘ஏ’ என்று இரண்டே கார்டு (சுரக்கூட்டு) தான். யங் ஒரே சுரத்தை வெட்டி வெட்டி அடிக்கிறார். குழுவின் இன்னொரு கிட்டார்காரர் டேனி விட்டன் அதற்குப் பின்னால் ஓடாமல், இடைவெளி பார்த்துப் பதில் சொல்கிறார். அது இழுவை இல்லை அண்ணே, பேச்சு.

தந்திக்காரன்: பேச்சு சரி, ஒன்பது நிமிடத்துக்கு மேலேயா? இதே ஆல்பத்தின் ‘சினமன் கேர்ள்’ மூன்றே நிமிடத்தில் எல்லாம் சொல்லி முடித்துவிடுகிறதே. கிட்டாரின் இரண்டு ‘ஈ’ தந்திகளையும் ‘டீ’ சுரத்துக்கு இறக்கி வாசித்தது, விட்டன் மேல் குரலில் சேர்ந்து பாடுவது, சோலோ என்ற பெயரில் கிட்டத்தட்ட ஒரே சுரம்... இதையெல்லாம் நானும் ரசிக்கிறேன். இதையும் அந்த நீளப் பாட்டு இரண்டையும் காய்ச்சலில் படுத்திருந்தபோது எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். மற்ற இரண்டிலும் அந்தக் காய்ச்சல் இறங்கவில்லை போலிருக்கிறது.

மழைக்குருவி: நீளத்தை விடுங்கள். இந்தக் கிரேஸி ஹார்ஸ் மூவரும் எங்கிருந்து வந்தார்கள்? விட்டன், பில்லி டால்பாட், ரால்ஃப் மோலினா மூவரும் ‘த ராக்கெட்ஸ்’ குழுவில் இருந்தவர்கள். 1968-இல் ஓர் ஆல்பம் போட்ட ஆறு பேர் குழு. யங் மூவரை அழைத்துக்கொண்டார், குழு கலைந்தது. ‘ரன்னிங் டிரை’ பாட்டுக்கு ராக்கெட்ஸுக்கான இரங்கல் என்று துணைத்தலைப்பு வேறு! அதில் வயலின் வாசிப்பவரும் அதே குழுவின் பாபி நாட்காஃப்.

பழைய இசைத்தட்டு: யாரும் யாரையும் கடத்திக்கொண்டு போகவில்லை தோழி. அட்டையிலேயே கிரேஸி ஹார்ஸ் பெயர் இருக்கிறது. தனிப் பாடகர் ஒருவர் பின்னணிக் குழுவின் பெயரை அட்டையில் போடுவது பெரிய விஷயம்.

மழைக்குருவி: பெயர் போட்டார், மறுக்கவில்லை. ஆனால் ஏழு பாட்டும் அவர் எழுதியதுதானே? விட்டனும் பாட்டு எழுதியவர். ‘ஐ டோன்ட் வான்ட் டு டாக் அபவுட் இட்’ அவருடையது. 1972-இல் மதுவும் வேலியம் மாத்திரையும் அளவு மீறி இறந்துபோனார். இந்த ஆல்பத்தில் அவருக்கு ஒரு பாட்டுக்காவது இடம் கொடுத்திருக்கலாம்.

தந்திக்காரன்: அதைத்தான் நானும் சொல்கிறேன். ‘கவ்கேர்ள்’ பாட்டில் நாலு நிமிடம் வெட்டியிருந்தால் இடம் கிடைத்திருக்கும்!