மழை பெய்த மறுநாள் யூரியா போட்டும் மேய்ச்சல் புல் பச்சை பிடிக்கவில்லை, எங்கே தவறு?

புல்லுக்கட்டு:

வணக்கம். மொத்தம் நாலு ஏக்கர் புல் நிலம். இரண்டரை ஏக்கரில் மாடு மேய்கிறது, மீதி ஒன்றரை ஏக்கரைத் தனியாக அடைத்து அறுத்துக் காயவைத்துப் படப்பு போடுகிறேன். பெரும்பாலும் அருகம்புல், இடையிடையே கொழுக்கட்டைப் புல், மேய்ச்சல் பக்கம் ஒரு மூலையில் முயல்மசால் தானாகவே பரவி நிற்கிறது. எட்டு மாடு, மூன்று கன்று. அறுப்பு நிலத்துக்குக் கிணற்றுத் தண்ணீர் பாயும், மேய்ச்சல் நிலம் மழையை நம்பித்தான்.

போன கோடையில் நல்ல மழை ஒன்று பெய்தது. சரி, ஈரம் இருக்கும்போதே போட்டுவிடலாம் என்று மறுநாள் விடியற்காலையில், புல் மேல் பனி இருக்கும்போதே, மேய்ச்சல் நிலத்தில் ஏக்கருக்கு 50 கிலோ யூரியா விசிறினேன். அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் ஒரு துளி இல்லை. பல இடத்தில் இலை நுனி கருகிவிட்டது. சில இடம் கோடு போட்ட மாதிரி கரும்பச்சை, பக்கத்திலேயே வெளிறிப்போன பட்டை. மொத்தத்தில் போட்ட காசுக்குப் புல் வரவில்லை.

இந்த வருடம் அதே தப்பைச் செய்யக் கூடாது. யூரியாவா, அமோனியம் சல்பேட்டா, 17:17:17 மாதிரி மூன்று சத்தும் கலந்த காம்ப்ளெக்ஸா? ஒரே தடவையா, பிரித்தா? போட்ட பிறகு எத்தனை நாள் மாட்டை விடக் கூடாது?

மண்வெட்டி:

நீங்கள் யூரியா போட்டதில் தப்பில்லை அண்ணே, போட்ட நேரம்தான் தப்பு. அதுவும் பாதிப் பேர் செய்கிற தப்புதான், நானும் செய்திருக்கிறேன்.

யூரியா மண்ணைத் தொட்டதும் அப்படியே வேருக்குப் போவதில்லை. மண்ணிலும் காய்ந்த சருகிலும் யூரியேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது, அது யூரியாவை உடைத்து அமோனியமாக மாற்றும். அப்படி உடையும்போது குறுணையைச் சுற்றி இருக்கிற மண்ணின் கார நிலை சட்டென்று ஏறுகிறது. அந்தக் காரத்தில் அமோனியம் வாயுவாகி மேலே போய்விடும். இது மண்ணுக்குள் நடந்தால் மண்ணே பிடித்துக்கொள்ளும். மேலே புல் தாளிலும் சருகிலும் கிடந்து நடந்தால் காற்றோடு போச்சு. வெயில், காற்று, கார மண், கூடவே லேசான ஈரம், இந்த நாலும் சேர்ந்தால் போட்டதில் கால் பங்குக்கு மேல்கூடப் பறந்துவிடும். உங்கள் பனி ஈரம் குறுணையைக் கரைத்து நொதியை எழுப்பிவிடப் போதும், மண்ணுக்குள் இறக்கப் போதாது. உலர்ந்த தரையில் கிடந்திருந்தால்கூட இதைவிட மெதுவாகத்தான் போயிருக்கும்.

ஆகவே மழைக்குப் பின்னால் அல்ல, மழைக்கு முன்னால். ஓரிரு நாளில் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல் மழையோ பாசனமோ கிடைக்க வேண்டும், அப்போதுதான் யூரியா விரற்கடை ஆழமாவது இறங்கும். சாரல் மழை இந்தக் கணக்கில் சேராது.

இலை நுனி கருகியதற்கும் பனிதான் காரணம், ஈர இலையில் குறுணை ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்திருக்கிறது. இலை காய்ந்த பிறகு விசிறுங்கள், குறுணை வழுக்கிக் கீழே விழும்.

கோடு கோடாக வந்தது கை வீச்சின் கோளாறு. எடை போட்ட உரத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காக நடந்து விசிறுங்கள், மறு பாதியைத் தெற்கு வடக்காக. முதலில் 10 மீட்டருக்கு 10 மீட்டர் ஒரு சதுரம் கயிறு கட்டிப் பழகிக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 50 கிலோ என்றால் அந்தச் சதுரத்துக்கு ஒன்றேகால் கிலோதான் வரும். கை தானாக இரண்டு கிலோ போட்டுவிடும், பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

அப்புறம் காம்ப்ளெக்ஸ். 17:17:17-இல் 50 கிலோ போட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) எட்டரை கிலோதான், அதே 50 கிலோ யூரியாவில் 23 கிலோ. புல்லை எழுப்புவது தழைச்சத்து. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) மண்ணில் குறைந்தால் மட்டும் தேவை, குறைகிறதா என்பதை மண் பரிசோதனை சொல்லும். பார்க்காமல் காம்ப்ளெக்ஸ் போடுவது நோய் தெரியாமல் மூன்று மாத்திரை விழுங்குகிற மாதிரி.

கொட்டில்காரன்:

மேலே சொன்னவர் யூரியாவை எப்படிப் போடுவது என்று அழகாகச் சொல்லிவிட்டார், ஏன் போட வேண்டும் என்று கேட்கவே இல்லை. எட்டு மாடு வைத்திருப்பவரிடம் எரு இருக்கிறது, மூலையில் முயல்மசால் இருக்கிறது. அது பயறு வகை, காற்றில் இருக்கிற தழைச்சத்தை வேர் முடிச்சில் பிடித்துத் தருகிறது. அதன் மேல் யூரியா விசிறினால் பக்கத்துப் புல் கொழுத்து அதை மூடி அமுக்கிவிடும், முயல்மசாலும் சும்மா கிடைக்கிற உரத்தைத் தின்றுகொண்டு தன் வேலையை நிறுத்திவிடும். காசு கொடுத்து இலவசத்தைக் கெடுப்பது இது. அந்த மூலையில் உரமே வேண்டாம், மணிச்சத்து குறைந்தால் சூப்பர் பாஸ்பேட் மட்டும் கொஞ்சம் போடுங்கள், அது போதும்.

இன்னொன்று. மாடு தின்ற புல்லில் இருந்த தழைச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் சாணமும் மூத்திரமுமாக நிலத்துக்கே திரும்பி வருகிறது. என்ன, திரும்புகிற இடம்தான் சரியில்லை, நிழல் மரத்தடியிலும் தண்ணீர்த் தொட்டி ஓரத்திலும் பட்டி வாசலிலும் குவிந்துவிடும். நிலத்தை மூன்று நாலாகத் தடுத்து மாற்றி மாற்றி மேயவிட்டு, தொட்டியையும் இடம் மாற்றினாலே பாதி உர வேலை முடிந்தது.

மண்வெட்டி:

மேய்ச்சல் நிலத்துக்கு நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, நான் முயல்மசாலை மறந்துவிட்டேன். அறுப்பு நிலத்தில்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே எதுவும் திரும்புவதில்லை, எல்லாம் கட்டாகக் கட்டி வெளியே போகிறது. ஒரு டன் காய்ந்த புல் போகும்போது தோராயமாக 20 கிலோ தழைச்சத்து, இரண்டு மூன்று கிலோ பாஸ்பரஸ், அதோடு 20 கிலோ அளவுக்குப் பொட்டாசியம் போகிறது. இந்தப் பொட்டாசியத்தைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. யூரியா போட்டுப் போட்டு நாலைந்து வருடம் அறுத்தால் பழைய இலையின் ஓரம் பழுப்பேறும், தூர் மெலியும், சந்தில் களை புகும். அப்போது இன்னும் கொஞ்சம் யூரியா என்று தோன்றும், அதுதான் வினை. 20 கிலோ பொட்டாசியத்தை ஈடுகட்ட மூரியேட் ஆஃப் பொட்டாஷ் 40 கிலோ வேண்டும்.

எருவை அங்கே கொண்டுபோய்க் கொட்டுங்கள், நல்லது. தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் அளவுக்குத்தான், அதுவும் மெதுவாகத்தான் கிடைக்கும், பொட்டாஷ் மட்டும் சீக்கிரம் கிடைத்துவிடும். மட்காத சாணத்தை மேய்ச்சல் நிலத்தில் போடாதீர்கள், அந்த வாடைக்கு மாடு வாயே வைக்காது, குடற்புழுவும் சுற்றி வரும்.

செவலைப்பசு:

எல்லாரும் புல்லையே பேசுகிறீர்கள், மாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒரு கிடேரி இதனால் செத்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அது சோள நிலம், தழைச்சத்து தாராளமாகப் போட்டிருந்தோம். அப்புறம் வறட்சி. பயிர் வாடி நின்றது. ஒரு மழை பெய்து தளதளவென்று தெளிந்ததும் மூன்றாம் நாள் ஆசையாக அவிழ்த்துவிட்டோம். சாயங்காலத்துக்குள் கிடேரி மூச்சு வாங்கிக்கொண்டு தள்ளாடியது, வாய்க்குள் பார்த்தால் ஈறு நீலம் பாய்ந்திருந்தது, மருத்துவர் ஊசி குத்தியபோது வந்த இரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. நைட்ரேட் நஞ்சு என்றார். வாடிய பயிர் தழைச்சத்தை உறிஞ்சும், ஆனால் அதைப் புரதமாக மாற்ற முடியாமல் தண்டிலேயே தேக்கி வைக்கும். மாட்டின் வயிற்றில் அது நைட்ரைட்டாகி இரத்தத்தில் கலந்தால் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்காது. மெத்திலீன் நீலம் ஊசி உண்டு, எங்களுக்கு நேரம் போதவில்லை.

அருகம்புல்லில் சோளத்தைவிட ஆபத்து குறைவுதான், ஆனால் நிறைய யூரியாவும் வறட்சியும் சேர்ந்தால் அதையும் நம்பக் கூடாது. காய்ந்து கிடந்த புல் மழையில் தெளிந்த முதல் வாரத்தில் அவிழ்க்காதீர்கள். பசித்த மாட்டை நேராக அங்கே விடவே விடாதீர்கள், முதலில் வைக்கோலோ காய்ந்த புல்லோ வயிறு நிறையக் கொடுங்கள். நஞ்சு அடித்தண்டில்தான் அதிகம், அதனால் ஒட்ட மேயவிடாதீர்கள். அறுத்துக் காயவைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், நைட்ரேட் காய்ந்த புல்லிலும் அப்படியேதான் இருக்கும். காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்து ஊறுகாய்ப் புல்லாகப் போட்டால் குறையும், முழுக்கப் போகாது.

எத்தனை நாள் என்று கேட்டீர்களே, தரையில் குறுணை கண்ணுக்குத் தெரிகிறவரை கூடவே கூடாது. உரம் போட்டு நல்ல தண்ணீர் கிடைத்து, இரண்டு மூன்று வாரம் வளர்ந்த பிறகு விடுங்கள், புல்லுக்கும் அதுதான் நல்லது. காலி யூரியா சாக்கைக் கொட்டிலில் போட்டு வைக்காதீர்கள், மாடு உப்பு என்று நக்கும்.

புல்லுக்கட்டு:

செவலைப்பசு அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் எழுந்துபோய்ச் சாக்கை எல்லாம் பரணில் ஏற்றிவிட்டேன்.

பழைய மண் பரிசோதனை அட்டை கிடைத்தது, இரண்டு வருடம் ஆகிறது. கார அமில நிலை (pH) 8.1, அதாவது கார மண், மணிச்சத்து நடுத்தரம், சாம்பல்சத்து குறைவு, அறுப்பு நிலத்தில் எடுத்தது. மண்வெட்டி தம்பி சொன்ன இலை ஓரப் பழுப்பு அங்கே இருக்கிறது, நான் வெயில் என்று நினைத்தேன். 8.1-க்கு யூரியா ஆகாதா? வேம்பு பூசிய யூரியா என்றால் பறக்காதா?

மண்வெட்டி:

வேம்புப் பூச்சு அதற்கு இல்லை அண்ணே. மண்ணில் அமோனியமானது நைட்ரேட்டாக மாறுவதைத்தான் அது தாமதப்படுத்தும், மண்ணுக்கு அடியில் நடக்கிற இழப்புக்கு நல்லது. மேலே வாயுவாகப் போவதை அது தடுக்காது. அதைத் தடுக்க யூரியேஸ் தடுப்பான் கலந்த யூரியா என்று தனியாக உண்டு, கிடைத்தால் மழை பிந்தினாலும் சில நாள் தாங்கும்.

8.1-இல் யூரியா வேகமாகத்தான் போகும். ஆனால் அறுப்பு நிலத்தில் தண்ணீர் உங்கள் கையில் இருக்கிறதே! அறுத்து ஐந்தாறு நாள் கழித்துப் புதுத் துளிர் தெரிந்ததும், சாயங்காலம் இலை காய்ந்திருக்கும்போது ஏக்கருக்கு 40 முதல் 45 கிலோ யூரியா விசிறி, அன்றைக்கே மோட்டாரைப் போடுங்கள். அது கிட்டத்தட்ட 20 கிலோ தழைச்சத்து, ஈரம் இருந்தால் ஒரு கிலோ தழைச்சத்துக்கு 20 கிலோ காய்ந்த புல் கூடுதலாக எதிர்பார்க்கலாம், காய்ந்து கிடந்தால் அதில் பாதிகூட வராது. ஒவ்வொரு அறுப்புக்கும் இதே அளவு, மொத்தமாக ஒரே தடவை வேண்டாம். பொட்டாஷையும் அறுப்புக்கு அறுப்பு பிரித்தே போடுங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் புல் தேவைக்கு மேல் உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதுவும் கட்டோடு போய்விடும்.

மேய்ச்சல் நிலத்துக்கு அமோனியம் சல்பேட். 21 சதவீதம்தான் தழைச்சத்து, மூட்டை அதிகம் சுமக்க வேண்டும், ஆனால் கூடவே கந்தகம் கிடைக்கிறது. சுண்ணாம்பு மண்ணில் மேலே கிடந்தால் அதிலும் கொஞ்சம் போகும், யூரியா அளவுக்குப் போகாது. மழை இரண்டு நாள் தள்ளிப்போனாலும் நெஞ்சு அடித்துக்கொள்ளாது. முயல்மசால் மூலையை விட்டுவிட்டு மற்ற இடத்தில், அதுவும் மாடு மேய்ந்து நகர்ந்த தடுப்பில் மட்டும். புல் உள்ளங்கை அகலத்துக்காவது நிற்க வேண்டும். மொட்டையாக மேய்ந்த தரையில் உரத்தை வைத்து வளர இலையே இல்லை, முதலில் விளைவது களைதான்.

ஒவ்வொரு பக்கமும் அந்த 10 மீட்டர் சதுரம் ஒன்றை உரமே போடாமல் விட்டு வையுங்கள். மூன்று வாரம் கழித்து அதையும் பக்கத்தையும் அதே அளவுக்கு அறுத்து எடை போடுங்கள். வித்தியாசம் சொற்பம் என்றால் உங்கள் நிலத்துக்குக் குறை உரத்தில் இல்லை.

கொட்டில்காரன்:

அந்தச் சதுரத்தைப் பட்டி வாசல் பக்கம் விடாதீர்கள். அங்கே மூத்திரம் விட்ட இடம் உரம் போட்டதைவிடப் பச்சையாக இருக்கும், அப்புறம் யூரியா வேலை செய்யவில்லை என்று எங்களிடம் சண்டைக்கு வருவீர்கள். மண் மாதிரி எடுக்கும்போதும் அதே கதைதான், பதினைந்து இருபது இடத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் எடுத்துக் கலக்குங்கள், சாணம் கிடந்த இடத்தையும் மரத்தடியையும் தள்ளிவிடுங்கள். மேய்ச்சல் நிலத்துக்குத் தனி மாதிரி.

புல்லுக்கட்டு:

சரி, அப்படியே செய்கிறேன். கடைசியாக ஒன்று: யூரியாவையும் சூப்பர் பாஸ்பேட்டையும் இன்றைக்கே கலந்து வைத்தால் நாளைக்குச் சாயங்காலம் விசிறுவது சுலபம், ஆள் கூலியும் மிச்சம். வைக்கலாமா?

மண்வெட்டி:

வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் விட்டு நாளைக்குள் களி மாதிரி ஆகிவிடும், கையிலிருந்து உதறவே முடியாது. கலந்தால் அன்றைக்கே விசிறிவிட வேண்டும். உங்கள் அட்டையில் மணிச்சத்து நடுத்தரம்தானே, சூப்பர் பாஸ்பேட்டை அடுத்த அறுப்புக்கு வைத்துக்கொண்டு நாளைக்கு யூரியாவும் பொட்டாஷும் மட்டும் போடுங்கள். மோட்டாருக்குக் கரண்ட் இருக்குமா என்று முதலில் பார்த்துக்கொண்டு சாக்கைப் பிரியுங்கள்.