"டக்"னு ஒரே சத்தம், கார் ஸ்டார்ட் ஆகல. வேளச்சேரி பக்கம் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் தெரியுமா?

வணக்கம். மூணு நாளா கார் நின்ன இடத்துலயே நிக்குது, தெரிஞ்சவங்க தயவுசெய்து சொல்லுங்க. 2013 மாடல், பெட்ரோல், மேனுவல் கியர்.

சாவியைத் திருப்பினா "டக்"னு ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்ஜின் சுத்தவே இல்ல. டேஷ்போர்டு லைட் பளிச்சுனு எரியுது, ஹாரனும் நல்லா அடிக்குது.

முதல்ல பேட்டரினுதான் நினைச்சேன். டெர்மினல்ல பச்சையும் வெள்ளையுமா பூத்திருந்துச்சு. வெந்நீர் ஊத்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு இறுக்கினேன். மல்டிமீட்டர்ல 12.6 வோல்ட். சாவி திருப்பும்போதும் 12.3க்குக் கீழ போகல. பேட்டரி வீக்கா இருந்தா நல்லா கீழ விழுந்திருக்கணுமே? பக்கத்து வீட்டு அண்ணன் கார்ல இருந்து ஜம்பர் கேபிள் போட்டும் அதே "டக்".

நேத்து, இன்ஜினைச் சுத்தி விடுற ஸ்டார்ட்டர் மோட்டாரை ஸ்பேனர் பிடியால மெதுவா நாலு தட்டு தட்டினேன், ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் ஆச்சு! அணைச்சதும் பழையபடி. அந்த மோட்டாருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச் இருக்கே, சாலினாய்டு, அதோட காண்டாக்ட், இல்லைன்னா மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்துற கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும்னு தோணுது. போன மழையில தெருவுல பாதி டயர் வரைக்கும் தண்ணி நின்னுச்சு, அதுவும் காரணமா இருக்கலாம்.

ஒரு கடையில கழட்டிப் பார்க்காமலே முழு ஸ்டார்ட்டரையும் மாத்தணும்னுட்டாங்க. பிரஷ், சாலினாய்டு மட்டும் மாத்தினவங்க இருக்கீங்களா, எத்தனை நாள் தாங்குச்சு? பழைய கார் பார்ட்ஸ் விக்கிற புதுப்பேட்டையில பழைய ஸ்டார்ட்டர் வாங்கலாமா?

வீட்டுக்கே வந்து பார்க்கிறவங்க இருந்தா ரொம்ப உதவியா இருக்கும். அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். விடியக்காலை அஞ்சு மணிக்கு ஆட்டோவுல குலுங்கக் குலுங்கக் கூட்டிட்டுப் போக மனசு கேக்கல.