மசித்த காய்கறி அரை மணி நேரத்தில் நீர்த்துப் போகிறது: காரணம் என்ன?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 6 மாதம் நிறைந்து 18 நாள் ஆகிறது, எடை 7.2 கிலோ. இணை உணவு தொடங்கலாம் என்று குழந்தை மருத்துவர் சொன்னதிலிருந்து, இரண்டு வாரமாக வீட்டிலேயே காய்கறியை வேகவைத்து மசித்துக் கொடுத்து வருகிறேன். உப்போ சர்க்கரையோ சேர்ப்பதில்லை.

செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். காயைத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, இட்லிக் கொப்பரையில் 15 முதல் 20 நிமிடம் ஆவியில் வேகவைக்கிறேன். உருளைக்கிழங்கையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் மத்தால் மசித்து, கேரட், மஞ்சள் பூசணி போன்றவற்றை மிக்ஸியின் சிறிய ஜாரில் அரைத்து, எல்லாவற்றையும் வடிகட்டியில் தேய்த்து எடுக்கிறேன். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு, பிழிந்து வைத்த தாய்ப்பாலை இரண்டு மேசைக்கரண்டி கலக்கிறேன்.

கலந்தவுடன் மசியல் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்குக் கெட்டியாக இருக்கிறது. ஆனால் அவள் உண்டு முடிப்பதற்குள்ளேயே, அதாவது 20, 25 நிமிடத்திற்குள், சோறு வடித்த கஞ்சியைப் போல ஓடத் தொடங்கிவிடுகிறது. மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மாலையில் எடுத்தால், மசியல் என்று சொல்லவே முடியாதபடி நீர்த்துக் கிடக்கிறது. கிழங்கு வகைகளில்தான் இது மிகுதி. கேரட் இப்படி ஆவதில்லை, ஆனால் அதன் மேல் தெளிந்த நீர் மிதக்கிறது. இதே முறையில் செய்யும் என் தங்கைக்கு இந்தத் தொல்லை இல்லை. அவள் குழந்தை பால் பொடி அருந்துகிறது என்பதைத் தவிர வேறு வேறுபாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

காய் கெட்டுப்போய்விட்டது என்கிறார் மாமியார்; கிழங்கு சரியாக வேகவில்லை என்கிறார் அம்மா. நான் எங்கே தவறு செய்கிறேன்? இதுவரை கொடுத்ததால் குழந்தைக்குத் தீங்கு ஏதும் நேர்ந்திருக்குமோ என்பதுதான் இப்போது என் பெரிய கவலை.

அடுப்பங்கரை எழுதியது:

ஆவியில் வேகும்போது கொப்பரை மூடியிலிருந்து சொட்டும் நீர் காயில் இறங்கியிருக்கும். மூடிக்கு அடியில் ஒரு துணி கட்டி வேகவைத்துப் பாருங்கள். அப்படியும் நீர்த்தால் ஒரு கரண்டி அரிசி மாவோ சோள மாவோ சேர்த்தால் இறுகிவிடும்.

இரண்டாம் பேறு எழுதியது:

மூடி நீர் காரணமாக இருந்தால் மசியல் தொடக்கத்திலேயே தளர்வாக இருந்திருக்கும். கெட்டியாக இருந்தது பிறகு நீர்க்கிறது என்று சகோதரி தெளிவாக எழுதியிருக்கிறார். வேகாத மாவைக் குழந்தையின் உணவில் கலப்பதும் சரியன்று.

சகோதரி, மூன்று விவரங்கள் வேண்டும். செய்த மசியல் முழுவதிலும் பாலைக் கலக்கிறீர்களா, ஊட்டும் அளவில் மட்டுமா? ஊட்டும் கிண்ணமும் மீதியை எடுத்து வைக்கும் கிண்ணமும் ஒன்றுதானா? நீர்த்த மசியலின் மணமும் சுவையும் எப்படி இருக்கின்றன?

பொருநைக்கரை எழுதியது:

முழுவதிலும்தான் கலக்கிறேன். கிண்ணம் ஒன்றுதான், கரண்டியும் ஒன்றுதான். அவள் மெதுவாக உண்பவள் என்பதால் ஏறக்குறைய அரை மணி நேரம் அதே கரண்டி வாய்க்கும் கிண்ணத்திற்குமாகப் போய் வருகிறது. புளித்த மணம் சிறிதும் இல்லை. நீங்கள் கேட்ட பிறகு இன்று காலை மிஞ்சியதைச் சுவைத்துப் பார்த்தேன். உருளைக்கிழங்கு செய்தபோது இருந்ததைவிடச் சற்று இனிப்பாக இருந்தது. என் நாக்கின் மயக்கமாகவும் இருக்கலாம்.

மாவுச்சத்து எழுதியது:

மயக்கம் இல்லை, அந்த இனிப்பில்தான் விடை இருக்கிறது. உணவியல் படித்து ஆய்வகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். என் மகனுக்குச் சோறு மசித்துக் கொடுத்த நாட்களில் நானும் இதே போலக் குழம்பியிருக்கிறேன், படித்தும் பயனில்லை.

உருளைக்கிழங்கு மசியலுக்குக் கெட்டித்தன்மையைத் தருவது அதிலுள்ள மாவுச்சத்து. வெந்த மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்பி, நீண்ட சங்கிலிகளாக நின்று மசியலைத் தாங்குகிறது. அந்தச் சங்கிலிகளை வெட்டிச் சிறு சர்க்கரைகளாக்கும் அமைலேஸ் என்ற நொதி நம் எச்சிலில் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. பிறந்த குழந்தையின் கணையம் இந்த நொதியை மிகக் குறைவாகவே சுரக்கும் என்பதால், தாய்ப்பால் வழியாக வருவது குழந்தைக்கு ஓர் உதவி. நீங்கள் வெதுவெதுப்பான மசியலில் பாலைக் கலந்து வைக்கும்போது, வயிற்றில் நடக்கவேண்டிய செரிமானம் கிண்ணத்திலேயே தொடங்கிவிடுகிறது. அது போதாதென்று வாய்க்குப் போன கரண்டி திரும்பத் திரும்ப எச்சிலைக் கொண்டுவந்து சேர்க்கிறது. சங்கிலிகள் அறுந்ததும் பிடித்து வைத்திருந்த நீர் விடுபடுகிறது, மசியல் ஓடுகிறது. பிறக்கும் சர்க்கரைதான் உங்களுக்கு இனித்தது.

உங்கள் தங்கை வீட்டில் ஏன் இப்படி ஆவதில்லை என்பதும் இதிலேயே விளங்கும். பால் பொடி உயர்ந்த வெப்பத்தில் பதப்படுத்தப்படுவது. அதில் செயல்படும் நிலையில் நொதி இருக்காது. கேரட்டில் மாவுச்சத்து மிகக் குறைவு என்பதால் நொதிக்கு அங்கே வேலை இல்லை. அதன் மேல் மிதப்பது மிக்ஸியில் உடைந்த நாரிலிருந்து பிரியும் நீர்தான், கலக்கினால் மீண்டும் சேர்ந்துகொள்ளும்.

தீங்கு நேர்ந்திருக்குமா என்றால், நீர்த்துப் போனதால் எதுவும் நேராது. மாவுச்சத்து எங்கும் போய்விடவில்லை, சிறு துண்டுகளாகியிருக்கிறது. அதன் ஆற்றலும் அப்படியேதான் இருக்கிறது. சொல்லப்போனால் நம் பாட்டிமார் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து அரைத்ததும் இதே நொதியின் துணையோடுதான். தானியம் முளைக்கும்போது அமைலேஸ் மிகுதியாகச் சுரக்கிறது, அதனால் முளைகட்டிய மாவில் காய்ச்சும் கஞ்சி, அதே அளவு சாதாரண மாவில் காய்ச்சுவதைவிடத் தளர்வாக இருக்கும். குழந்தை கூடுதலாக விழுங்க முடிகிறது. பரோடாவின் பல்கலைக்கழக ஊட்டச்சத்துத் துறையினர் 1980களில் இதையே ஆராய்ந்து, கெட்டியான கஞ்சியில் சிறிதளவு முளைத்தானிய மாவைக் கலந்து தளர்த்தும் முறையை எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் எச்சில் பட்ட மீதியை எடுத்து வைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். எச்சிலோடு நொதி மட்டுமா போகிறது, கிருமியும் போகிறது. உடைந்த சர்க்கரை அதற்கு நல்ல தீனி.

என் சொல்லை அப்படியே ஏற்கவேண்டாம். ஒரு கிழங்கை மசித்து மூன்று கிண்ணத்தில் சம அளவாக வையுங்கள். முதலாவதில் கொதித்து ஆறிய நீர், இரண்டாவதில் அதே அளவு தாய்ப்பால், மூன்றாவதில் நீரோடு குழந்தையின் வாயில் வைத்தெடுத்த கரண்டி. மூன்றும் வெதுவெதுப்பாக இருக்கட்டும். அரை மணி கழித்துச் சாய்த்துப் பாருங்கள்.

பொருநைக்கரை எழுதியது:

செய்து பார்த்தேன். நீர் கலந்தது 30 நிமிடம் கழித்தும் சாய்த்தால் நகரவில்லை. தாய்ப்பால் கலந்தது 10 நிமிடத்திலேயே தளர்ந்து, 20 நிமிடத்தில் மோர் போல ஆகிவிட்டது. எச்சில் கரண்டி வைத்தது இரண்டுக்கும் நடுவில், கரண்டி பட்ட இடத்தில் மட்டும் குழி விழுந்து நீர்த்திருந்தது. மாமியாரை அழைத்துக் காட்டினேன். கிழங்கின் மேல் குற்றமில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அப்படியானால் தாய்ப்பாலே கலக்கக்கூடாதா? பழகிய சுவை இருந்தால் விரும்பி உண்பாள் என்றுதான் கலந்தேன்.

மாவுச்சத்து எழுதியது:

தாராளமாகக் கலக்கலாம், நேரத்தை மட்டும் மாற்றுங்கள். மொத்த மசியலைத் தளர்த்துவதற்குக் கொதித்து ஆறிய நீரே போதும். அதிலிருந்து இரண்டு மூன்று கரண்டி அளவைச் சுத்தமான கரண்டியால் ஊட்டும் கிண்ணத்திற்கு எடுத்து, ஊட்டுவதற்குச் சற்று முன்பு அதில் மட்டும் பாலைச் சேருங்கள். இன்னும் வேண்டுமென்றால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஊட்டும் கிண்ணத்தில் மிஞ்சுவதை நீங்களே உண்டுவிடுங்கள், அல்லது கொட்டிவிடுங்கள். கொதிக்கும் மசியலில் பாலை ஊற்றினால் நொதி செயலிழந்து மசியல் நீர்க்காதுதான். ஆனால் பாலின் மற்ற நன்மைகளும் வெப்பத்தில் குறையும் என்பதால் அந்தக் குறுக்கு வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தறிச்சத்தம் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு நேர் எதிரான தொல்லை. உருளைக்கிழங்கை மிக்ஸியில் அரைத்தால் பசை போல இழுக்கிறது, குழந்தையின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது.

இரண்டாம் பேறு எழுதியது:

கிழங்கை மிக்ஸியில் போடவே கூடாது. வேகமாகச் சுழலும் பிளேடு அதன் அறைகளைக் கிழித்து மாவுச்சத்தை வெளியே கொட்டிவிடுகிறது, அதுதான் பசையாகிறது. சூடாக இருக்கும்போதே மத்தால் மசித்து வடிகட்டியில் தேய்த்தால் போதும். மிக்ஸியைப் பற்றி இன்னொன்று: குழந்தைக்குத் தனி ஜார் வைத்துக்கொள்ளுங்கள். சட்னி ஜாரை எவ்வளவு கழுவினாலும் பிளேடுக்கு அடியிலும் மூடி ரப்பரிலும் மிளகாய்க் காரம் தங்கிவிடும். காரணம் தெரியாமல் என் மூத்தவன் இரண்டு நாள் அழுதிருக்கிறான்.

பொருநைக்கரை எழுதியது:

மிகவும் நன்றி. இன்னும் இரண்டு கேள்விகள். தினமும் மூன்று வேளை செய்வது கடினமாக இருப்பதால், மொத்தமாகச் செய்து உறையவைக்கலாமா? மசியல் எவ்வளவு கெட்டியாக இருக்கவேண்டும்? தண்ணீராக இருந்தால்தான் செரிக்கும் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

மாவுச்சத்து எழுதியது:

இரண்டாவது கேள்விதான் முக்கியமானது. கரண்டியைச் சாய்த்தால் எளிதில் வழிந்து ஓடாத அளவுக்குக் கெட்டியாக இருக்கவேண்டும் என்பதுதான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். குழந்தையின் இரைப்பை கிலோவுக்கு ஏறக்குறைய 30 மி.லி.தான் கொள்ளும், உங்கள் மகளுக்குக் கணக்கிட்டால் 200 மி.லி.யைச் சற்றுத் தாண்டும். அந்தச் சிறிய இடத்தைக் காய்த் தண்ணீரால் நிரப்பினால் என்ன மிஞ்சும்? 100 கிராம் கேரட்டில் 40 கலோரிக்குள்தான் இருக்கிறது, 100 மி.லி. தாய்ப்பாலிலோ 65 முதல் 70 வரை இருக்கிறது. நீர்த்த கேரட் மசியலால் வயிற்றை நிறைத்துப் பாலைக் குறைத்தால் குழந்தைக்கு அது இழப்பு. 6 முதல் 8 மாதம் வரை தாய்ப்பால் போக, உணவிலிருந்து நாளொன்றுக்கு 200 கலோரி வேண்டும் என்பது கணக்கு. இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, 8 மாதத்திற்குள் வேளைக்கு அரைக் கோப்பை, அதாவது 125 மி.லி. வரை வந்தால் போதும்.

ஆகவே வெறும் காயோடு நிற்காதீர்கள். குழைய வெந்த பாசிப்பருப்பு ஒரு கரண்டியும், நெய் கால் தேக்கரண்டியில் தொடங்கி அரைத் தேக்கரண்டி வரையும் சேருங்கள். ஒரு தேக்கரண்டி நெய்யில் 40 கலோரி இருக்கிறது. பருப்பு சேர்ந்தால் கேரட்டின் மேல் நீர் மிதப்பதும் நின்றுவிடும். பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து இந்த வயதில் குறையத் தொடங்கும், தாய்ப்பாலில் அது சொற்பமே. பருப்பு, முட்டை, ஈரல் ஆகியவற்றை மருத்துவரிடம் கேட்டு விரைவில் தொடங்குங்கள். பருப்போடு சிறிது தக்காளி வேகவைத்தால் அதிலுள்ள வைட்டமின் சி இரும்பை உடல் ஏற்க உதவும்.

உறையவைப்பதைப் பொறுத்தவரை, பூசணி, கேரட், பட்டாணி ஆகியவை நன்றாகத் தாங்கும். உருளைக்கிழங்கு தாங்காது; உருகும்போது நீர் விட்டு மணல் மணலாக நிற்கும். பால் கலக்காத மசியலை விரைவாக ஆறவைத்து ஐஸ் தட்டில் ஊற்றி, உறைந்ததும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றித் தேதி எழுதிவிடுங்கள். ஒரு மாதத்திற்குள் முடித்துவிட வேண்டும். உறையவைக்காமல் குளிரில் மட்டும் வைப்பதானால் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். எடுத்ததை ஆவி பறக்கச் சூடாக்கி ஆறவைத்துக் கொடுங்கள், உருகியதை மீண்டும் உறையவைக்காதீர்கள். நீண்ட மின்வெட்டு வந்து கட்டிகள் உருகியிருந்தால் மனம் கேட்காவிட்டாலும் கொட்டிவிடவேண்டியதுதான்.

கீரையையும் பீட்ரூட்டையும் மட்டும் அந்தந்த வேளைக்குச் செய்யுங்கள். அவற்றில் இயல்பாகவே உள்ள நைட்ரேட், மசித்து வைத்திருக்கும்போது நைட்ரைட்டாக மாறக்கூடும். அது மிகுந்தால் குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். பீட்ரூட் கொடுத்த மறுநாள் அணையாடை சிவந்திருந்தால் அஞ்சவேண்டாம், அது காயின் நிறம்.

பொருநைக்கரை எழுதியது:

இன்று பூசணியும் பாசிப்பருப்பும் சேர்த்து நெய் விட்டு மசித்தேன். கிண்ணம் இரண்டு, கரண்டி இரண்டு. கடைசிக் கரண்டி வரை கெட்டியாகவே இருந்தது. ஆனால் அவள் முதல் மூன்று வாயை நாக்கால் வெளியே தள்ளிவிட்டாள். கெட்டியாக இருப்பதால் பிடிக்கவில்லையோ?

இரண்டாம் பேறு எழுதியது:

மூன்று வாய்க்குப் பிறகு உண்டாள் அல்லவா? தள்ளுவது பழகாத நாக்கின் வேலை. புதிய காய் ஒன்றைக் குழந்தை ஏற்க எட்டு, பத்து முறைகூடக் கொடுத்துப் பார்க்கவேண்டியிருக்கும். வற்புறுத்தாமல் நாளை மறுநாளும் அதையே ஒரு கரண்டி வையுங்கள். பூசணியும் கேரட்டும் தொடர்ந்து கொடுத்தால் உள்ளங்கையும் மூக்கு நுனியும் மஞ்சளாகும், அதைக் கண்டு திகைக்காதீர்கள். கண்ணின் வெள்ளை விழி மஞ்சளானால் மட்டும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.