சிறுவயதில் ஃபாலோ இதய ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

2 வயதில் எனக்கு ‘டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ’ என்ற பிறவி இதயக் குறைபாட்டுக்கு ஆபரேஷன் நடந்தது. இப்போது 29. நெஞ்சுத் தழும்போடு கதை முடிந்தது என்று 15 வயதுக்குப் பிறகு செக்கப்புக்கே போகவில்லை. தப்புதான்.

போன மாதம் இரண்டாவது மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். எக்கோ ஸ்கேனில், இதயத்திலிருந்து நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் உள்ள நுரையீரல் வால்வு கசிந்து இதயத்தின் வலது கீழறை பெரிதாகிவிட்டது என்றார்கள். சிறுவயது ஆபரேஷனில் அந்த வழியில் இருந்த அடைப்பை அகற்ற வால்வை வெட்டி ஒட்டுப் போட்டதால் இப்படியாம். எம்ஆர்ஐ பார்த்துத்தான் வால்வு மாற்றுவதை முடிவு செய்வார்கள்.

தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வு வைத்தவர்கள், மறுபடி நெஞ்சைத் திறந்தவர்கள், எப்போது வேலைக்குத் திரும்பினீர்கள்? படபடப்பு குறைந்ததா? அப்புறம், பழைய ஆபரேஷன் குறிப்பு தொலைந்துவிட்டது. அது இல்லாமல் சமாளித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.