ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த் 16 கேஜ்: முன் விசையை இழுத்தால் இரண்டு குழல்களும் ஒன்றாக வெடிக்கின்றன

கேள்வி: வால்நட் கட்டை

வணக்கம். பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். பழைய அமெரிக்க இரட்டைக் குழல் துப்பாக்கிகளில், சித்திர வேலைப்பாடு ஏதும் இல்லாத அடித்தட்டுத் தரங்களை மட்டும் நான்கு ஆண்டுகளாகச் சேர்த்துவருகிறேன். பார்க்கர் ட்ரோஜன் ஒன்றும் எல். சி. ஸ்மித் ஃபீல்ட் கிரேடு ஒன்றும் ஏற்கெனவே இருக்கின்றன. சென்ற மாதம் ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் அடித்தட்டுத் தரமான ஸ்டெர்லிங்வொர்த் ஒன்று, 28 அங்குலக் குழல்களோடு, 16 கேஜில் (கேஜ் என்பது குழல் விட்டத்தின் அளவு) கிடைத்தது. குழலின் மேல் பிலடெல்பியா என்ற முத்திரை தெளிவாக இருக்கிறது.

களிமண் தட்டு சுடும் மைதானத்துக்கு எடுத்துச்சென்று முன் விசையை இழுத்தேன். வலக் குழலோடு இடக் குழலும் சேர்ந்து வெடித்து, தோளில் உதைத்த உதையில் ஒரு அடி பின்னால் போய்விட்டேன். இரண்டாம் முறை சரியாகச் சுட்டது. மூன்றாம் முறை மீண்டும் இரண்டும் வெடித்தன. அத்துடன் நிறுத்திவிட்டேன். கடையில் வாங்கிய இரண்டேமுக்கால் அங்குலத் தோட்டாக்களைத்தான் போட்டேன். அவை தடையில்லாமல் உள்ளே இறங்கின.

குழல்களின் உட்புறம் பளிச்சென்று இருக்கிறது. முன்கட்டையைக் கழற்றிவிட்டு அசைத்துப் பார்த்தாலும் குழல்கள் ஆடவில்லை. துப்பாக்கியைத் திறக்கும் மேல் நெம்புகோல் நடுவுக்கு வலப்புறமே நிற்கிறது. இயந்திரப் பெட்டியை ஒட்டிய மரம் மட்டும் கன்னங்கரேலென்று இருக்கிறது. அடியிலுள்ள திருகாணியின் வெட்டு சிதைந்திருக்கிறது. இது சரிசெய்யக்கூடியதா, அல்லது சுவரில் மாட்டிவைக்கத்தான் தகுமா?

பதில்: பழைய எஃகு

காரணம் தெரியும்வரை இரண்டு குழல்களிலும் தோட்டா போடாதீர்கள்.

நீங்கள் சொன்னவற்றில் நல்ல செய்தி அந்த நெம்புகோல்தான். குழல்களை மூடிப் பிடித்திருக்கும் ஃபாக்ஸின் சுழல் பூட்டு தன் தேய்மானத்தைத் தானே ஈடுசெய்துகொள்ளும்; தேயத் தேய நெம்புகோல் நடுவுக்கு வந்து, பிறகு இடப்புறம் நகரும். உங்களுடையது இன்னும் வலப்புறம் நிற்பதால் பூட்டில் உயிர் இருக்கிறது. பிலடெல்பியா முத்திரை இருப்பதால், 1929-இல் சாவேஜ் நிறுவனம் ஃபாக்ஸை வாங்கி உற்பத்தியை யூடிகாவுக்கு மாற்றுவதற்கு முன் செய்யப்பட்டது என்று கொள்ளலாம். அலங்காரம் இல்லாவிட்டாலும், உள்ளே இருப்பது விலை உயர்ந்த ஃபாக்ஸில் உள்ள அதே எளிய அமைப்பு: சுத்தியலும் ஊசியும் ஒரே துண்டு, ஒரு சுருள் வில், சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியர்.

இரண்டும் சேர்ந்து வெடிப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். சிலருக்கு நடுவிரல் தம்மையறியாமல் பின் விசையின் மேல் தங்கிவிடும். சில துப்பாக்கிகளில் இறுகிப்போன பழைய கிரீஸோ தேய்மானமோ சியரை முழுதாகப் பிடிக்கவிடாது. உங்கள் விஷயத்தில் நான் சந்தேகப்படுவது மூன்றாவதை: மரத்தை.

இந்தத் துப்பாக்கிகளை அறை மூலையில் குழல்வாய் மேலே இருக்கும்படி நிறுத்திவைத்து, ஆண்டுதோறும் எண்ணெய் விட்டிருப்பார்கள். அது வழிந்து கட்டையின் தலைப்பில் ஊறி, வால்நட் மரத்தையே பஞ்சாக்கிவிடும். பிறகு யாராவது ஆட்டம் தெரிகிறதென்று திருகாணியை முறுக்கினால், நசுங்கிய மரத்தோடு, விசைகளைத் தாங்கும் விசைத் தகடு மேலே ஏறி, விசைகள் சியரை எப்போதும் முட்டிக்கொண்டே நிற்கும். அப்போது முதல் வெடிப்பின் அதிர்ச்சியே மற்ற சியரைத் தட்டிவிடப் போதும்.

ஸ்நாப் கேப் எனப்படும் போலித் தோட்டாக்களைப் போட்டு, பாதுகாப்புத் தடுப்பை விலக்கி, ஒவ்வொரு விசையையும் விரல்நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். சியரைத் தொடுவதற்கு முன் மயிரிழை அளவாவது தளர்வு இருக்க வேண்டும்.

பதில்: மழைக்காலக் காடை

உதை கடுமையாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். அக்காலத்து 16 கேஜ் தோட்டா அறைகள் பெரும்பாலும் இரண்டேமுக்கால் அங்குலத்தைவிடக் குட்டையானவை. தோட்டா தடையில்லாமல் இறங்கியது என்பதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள், ஐயா. தோட்டாவின் மேல் எழுதியிருக்கும் நீளம் வாய் விரிந்த பின் உள்ள நீளம். மடிந்த வாயோடு அது குட்டையான அறைக்குள்ளும் எளிதாக அடங்கிவிடும். வெடிக்கும்போது அந்த வாய் விரிய இடமில்லாமல், அறைக்கு முன்னால் குழல் குறுகும் கூம்புப் பகுதிக்குள் நுழைந்து, அழுத்தத்தையும் உதையையும் கூட்டும். அளவுமானி வைத்து அளந்துவிடுங்கள்.

வால்நட் கட்டை

இருவருக்கும் நன்றி. முன் விசையில் மெல்லிய தளர்வு தெரிகிறது. பின் விசை கல் போல நிற்கிறது. அறைகள் 2 9/16 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. அறைகளை நீட்டிவிடலாமா?

மழைக்காலக் காடை

வேண்டாம். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் உலோகத்தைச் சுரண்டி எடுப்பதாகும் அது. சுவர்க் கனத்தை அளக்காமல் செய்வது ஆபத்து, அளந்து செய்தாலும் சேகரிப்பாளர்கள் விலையைக் குறைப்பார்கள். இரண்டரை அங்குலக் குறைந்த அழுத்தத் தோட்டாக்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. விலை கூடுதல்தான், ஆனால் இந்தத் துப்பாக்கிக்கு அவைதான் பொருந்தும்.

பழைய எஃகு

பின் விசை இடக் குழலுக்கு உரியது. உங்களுக்குச் சேர்ந்து வெடித்ததும் அதே குழல். திருகாணியை நீங்களே தளர்த்திப் பார்க்காதீர்கள். வெட்டு ஏற்கெனவே சிதைந்திருப்பதால், சரியான அகலத்துக்குத் தேய்த்த திருப்புளி வைத்திருக்கும் ஒருவரிடம், பழைய இரட்டைக் குழல்களில் கைப்பழக்கம் உள்ளவராகப் பார்த்து, கொடுத்துவிடுங்கள்.

வால்நட் கட்டை: ஆறு வாரங்களுக்குப் பின்

மரம்தான் காரணம். கட்டையைக் கழற்றிய பழுதுபார்ப்பவர் தலைப்பில் நகத்தால் அழுத்திக் காட்டினார். சோப்புக்கட்டியில் பதிவது போல நகம் பதிந்தது. அசிட்டோனும் சுண்ணப்பொடியும் குழைத்துப் பூசிப் பூசி எண்ணெயை வெளியே இழுத்தார்; முதல் நாள் பூச்சு காய்ந்தபோது பழுப்பாக மாறியது, நான்காம் முறைக்குப் பிறகுதான் வெள்ளையாகவே காய்ந்தது. நசுங்கிய இடத்தை எப்பாக்ஸி கொண்டு நிரப்பி, விசைத் தகட்டைப் பழைய உயரத்துக்கு இறக்கினார். சியரின் விளிம்பு கூர்மையாகவே இருந்ததால் அதைத் தொடவில்லை.

முதலில் வலக் குழலில் மட்டும் இரண்டரை அங்குலத் தோட்டாவும் இடக் குழலில் போலித் தோட்டாவுமாக இருபது முறை சுட்டோம். ஒவ்வொரு முறையும் பின் விசையை இழுத்தபோது இடச் சுத்தியல் டக்கென்று விழுந்தது. அதாவது, முதல் வெடிப்பில் அது நழுவவில்லை. அதன் பிறகு இரண்டையும் நிரப்பி 50 ஜோடி சுட்டேன், ஒருமுறைகூட சேர்ந்து வெடிக்கவில்லை. இப்போது பெட்டகத்தில் மூன்று துப்பாக்கிகளையும் குழல்வாய் கீழே இருக்கும்படி, துணிமெத்தையின் மேல் நிறுத்தியிருக்கிறேன்.